கொடுவா கற்றுத் தந்த பாடம்

சந்தையில் மீன் வாங்கும்போது நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் கண்ணையும் பூவையும்தான். கண் தெளிவாக இருக்கிறதா, பூ சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். விலை பேசுவோம். வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அது ஆண் மீனா பெண் மீனா, அதற்கு எத்தனை வயது, எந்த நீரில் பிறந்து எந்த நீரில் வளர்ந்தது என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. வாவியோரக் கிராமமொன்றில் ஒரு பெண் என்னைக் கேட்க வைத்தாள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பெண்களின் உழைப்பு எவ்வாறு கணக்கில் வராமல் போகிறது என்பது பற்றி இறுதியாண்டுப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் பெற்றவள். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாடு பொருளாதார நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்த வேளையில், உதவி தேவைப்படும் குடும்பங்களைப் பதிவு செய்வதற்காக அந்தக் கிராமத்துக்குப் போனேன். மண்ணெண்ணெய் கிடைக்காததால் கடலுக்குப் போகும் வள்ளங்கள் பல கரையில் கிடந்தன. கடல் தொழில் செய்தவர்களில் சிலரும் வலையோடு வாவிக்குள் இறங்கியிருந்தார்கள். வாவியை மட்டும் நம்பியிருந்தவர்களின் பாடு இன்னும் மோசமாகியிருந்தது.

அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரேயொரு மகள், அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்து படிவத்தை நிரப்பினேன்.

"தொழில் என்ன அக்கா?"

"தொழில் எண்டு ஒண்டும் இல்ல மிஸ்."

'இல்லை' என்று எழுதினேன். அடுத்த கேள்வி கணவரைப் பற்றியது. திருமணமானவர், விதவை, பிரிந்து வாழ்பவர் என்று மூன்று கூடுகள் இருந்தன. அவரது கணவர் 2007ஆம் ஆண்டு வீட்டிலிருந்து போனவர், திரும்பி வரவில்லை. "எதிலயும் புள்ளடி போடாம விடுங்க மிஸ்" என்றார். கூட்டை வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பின் 'விதவை' என்ற கூட்டில் நானே புள்ளடி போட்டேன்.

அன்று அந்த வாசலில் ஒரு தங்கூசித் தூண்டில் சுற்றிவைத்த கட்டை கிடந்தது. ஈரமான பாவாடை கொடியில் காய்ந்தது. மூலையில் றெஜிபோம் பெட்டியொன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இவையெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் இவை ஒரு தொழிலின் சாமான்கள் என்று என் புத்திக்குப் படவில்லை. அந்த அக்கா நாள்தோறும் அந்திக்கும் விடியலுக்கும் தோணியில் போய்த் தூண்டில் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர் என்று எனக்குத் தெரிய வந்தது பல மாதங்களுக்குப் பிறகுதான்.

அதற்கிடையில் மாதர் சங்கக் கட்டடத்தில் வாவி வளங்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். என் கையில் ஒரு சுவரொட்டி இருந்தது. சிறிய மீனுக்குச் சிவப்புக் குறுக்குக் கோடு, பெரிய மீனுக்குப் பச்சைச் சரிக்குறி. "சின்ன மீனைப் பிடிக்காதீர்கள், அது வளரட்டும். பெரிய மீனைப் பிடியுங்கள்" என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்து அந்த அக்கா மெதுவாக எழுந்தார்.

"மிஸ், கொடுவாவுக்கு அது சரிவராது. பெரிய கொடுவா எல்லாம் பெட்டைதான்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. "அப்படி இருக்காதக்கா. எந்த உயிரிலும் ஆணும் இரிக்கும் பெண்ணும் இரிக்கும். பெரிசுலயும் அப்படித்தானே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த சுவரொட்டியை எடுத்தேன்.

அடுத்த வருடம் என் பெரியம்மாவின் மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து விடுமுறையில் வந்தார். குயின்ஸ்லாந்தில் குடியிருப்பவர். அண்ணாவுக்குத் தூண்டில் என்றால் பைத்தியம். பெட்டிக்குள் நீட்டி மடக்கும் தூண்டில் தடியும் றீலும் கொண்டு வந்திருந்தார். அங்கே விடுமுறை நாட்களில் 'பரமுண்டி' என்ற மீனைத் தேடித் தூண்டிற்காரர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் வாகனம் ஓட்டிப் போவார்களாம். தூண்டிலில் பட்டதும் நீரைவிட்டு மேலே பாய்ந்து தலையை உதறும், நல்ல சண்டைக்கார மீன் என்று கைகளை விரித்துச் சொன்னார். அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிகளின் மொழியொன்றில் 'பெரிய செதிலுள்ள ஆற்று மீன்' என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருளாம். "இங்க அப்படி ஒரு மீன் இரிக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாவியில் தூண்டில் போடுகிறவர் யாராவது அழைத்துப் போனால் நல்லது என்று ஊரில் விசாரித்தேன். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். 'தொழில் இல்லை' என்று நான் எழுதிக்கொடுத்த அதே அக்கா.

அந்தி சாயும் நேரம் தோணியில் போனோம். அக்கா பின்னால் இருந்து தாங்கினார். கண்டல் வேர்கள் நீருக்குள் இறங்கும் இடமாகப் பார்த்துத் தோணியை நிறுத்தினார். பேச வேண்டாம் என்று சைகை செய்தார். சிறிது நேரத்தில் வேர்களுக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரில் அடித்தது போல. "அதுதான். இறாலை உறிஞ்சிற சத்தம்" என்று காதோடு சொன்னார். கொடுவா இரையைக் கடித்துத் துரத்தாது. மறைவில் கிடந்து, இரை அருகில் வந்ததும் பெரிய வாயைத் திடீரென்று திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அந்த வாய் திறந்து மூடும் சத்தம்தான் அது.

உயிர் இறாலைக் கொழுவி அண்ணா தூண்டிலை எறிந்தார். மூன்றாவது எறிதலில் பட்டது. இரண்டு தரம் பாய்ந்தது. கடைசியில் அத்தாங்கில் அள்ளித் தோணிக்குள் எடுத்தபோது அண்ணா உரக்கச் சிரித்தார்.

"இது பரமுண்டிதான்! எங்கட பரமுண்டி!"

"இது கொடுவா தம்பி" என்றார் அக்கா.

என் பெரியம்மா கறி வைத்து, அண்ணா சின்ன வயதில் தின்று வளர்ந்த மீன். அதைத் தேடித்தான் அங்கே நூற்றுக்கணக்கான மைல் ஓடியிருக்கிறார். பெயர் இரண்டு, மீன் ஒன்று.

ரோச் வெளிச்சத்தில் அக்கா அந்த மீனை எனக்குக் காட்டிக் கொடுத்தார். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். நெற்றியைப் பாருங்கள், கண்ணுக்கு மேலே உள்வாங்கிக் குழிந்து, பிறகு முதுகு கூன் போல எழும்பும். கலவாய்க்கு அப்படி இல்லை. கலவாயின் செதில் பொடிசு, உடம்பில் புள்ளியோ பட்டையோ இருக்கும். கொடுவாவின் செதில் பெரிது, தடவினால் சொரசொரக்கும், வளர்ந்த மீனில் புள்ளி இருக்காது. வாய் சரிந்து கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். வாய்க்குள் விரல் வைத்தால் கோரைப் பல் குத்தாது, வெல்வெட் துணியைத் தடவுவது போல இருக்கும். கண்டலுக்குள் அதோடு கூடவே திரியும் செந்நிற மீன்களுக்குக் கோரைப் பல் உண்டு, விரலை வைத்தால் தெரியும். வால் பிளந்திருக்காது, விசிறி மாதிரி வட்டமாக இருக்கும். முதுகுத் துடுப்பு நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்து இரண்டாகத் தெரியும். ரோச் அடித்தால் கண் சிவந்து மின்னும். கடலிலிருந்து உள்ளே வந்தது வெள்ளி நிறம். வாவியில் கனநாள் கிடந்தது கறுத்துப் போயிருக்கும். குஞ்சுக்கு உடம்பெல்லாம் மண்ணிறத் திட்டு, நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரு வெள்ளைக் கோடு.

"பூ மூடியிலதான் கவனம்" என்று சொல்லித் தன் வலது கையை விரித்தார். விரல்களின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்புகள் நான்கைந்து. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் முள்ளும் பல்லுமாகக் கத்திபோல் இருக்கும். புளொக் என்ற ஜேர்மனிய மீனியலாளர் 1790ஆம் ஆண்டு இந்த மீனுக்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயர் 'கல்காரிபெர்' என்று முடிகிறது. 'குதிமுள் தாங்கியது' என்று பொருள். இதை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது அந்த அக்காவின் கைதான் நினைவுக்கு வந்தது.

அண்ணா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மீனை அளந்தார். அறுபத்தைந்து சென்றிமீற்றர். படம் எடுத்தார். பிறகு பழக்கத்தில், மீனைத் திரும்ப நீருக்குள் விடுவதற்காகக் குனிந்தார். அக்கா அவரது மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன தம்பி செய்யிறீங்க? மூணு கிலோவுக்குக் குறையாது!"

அண்ணா வெட்கப்பட்டு மீனை அவரது பெட்டிக்குள் வைத்தார். அங்கே விளையாட்டுக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் பிடித்ததில் பலவற்றை விட்டுவிடுவார்கள் என்று விளக்கினார். சட்டமும் அப்படித்தானாம். குயின்ஸ்லாந்தின் கரையோர நீரில் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த பரமுண்டியை வைத்திருக்கக் கூடாது. 120 சென்றிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்திருக்கக் கூடாது.

"சின்னத விடுறது விளங்குது. பெரிச என்னத்துக்கு விடுற?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பொம்புளை மீன். தாய் மீன்" என்றார் அண்ணா.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சவளை நீரில் வைத்துத் தோணியைத் திருப்பினார். கூட்டத்தில் நான் சிரித்த சிரிப்பு என் முகத்திலேயே வந்து அறைந்தது போல இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாட்களில் தேடிப் படித்தேன். அக்கா சொன்னது முழுக்கச் சரி. கொடுவா ஆணாகவே முதிர்ச்சியடைகிறது. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரையான மீன்களில் பெரும்பாலானவை ஆண். சில வருடங்கள் ஆணாக இருந்து இனப்பெருக்கத்தில் பங்குகொண்ட பின், உடல் பெருக்கும்போது, அதே மீன் பெண்ணாக மாறுகிறது. நாலு முதல் ஆறு கிலோ எடையை அடையும்போது பெரும்பாலானவை பெண். ஒரு மீற்றரைத் தாண்டி வளர்ந்தவை ஏறத்தாழ எல்லாமே தாய் மீன்கள். கலவாய் இனங்கள் பலவற்றில் இது தலைகீழ், அவை பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறுகின்றன. இயற்கை ஒரே விதியை எல்லாவற்றுக்கும் எழுதி வைக்கவில்லை.

ஏன் இப்படி? காரணம் சிக்கலானதல்ல. ஆணாக இருப்பதற்குச் சிறிய உடல் போதும். முட்டைகளைச் சுமப்பதற்குப் பெரிய உடல் வேண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக முட்டைகளின் தொகை பன்மடங்காகக் கூடுகிறது. நன்கு வளர்ந்த ஒரு தாய்க் கொடுவா ஒரு பருவத்தில் கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவற்றில் மிகமிகச் சிலவே பிழைத்து வளர்கின்றன என்பது வேறு கதை.

பாரசீக வளைகுடாவிலிருந்து வட அவுஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இந்த மீனின் வாழ்க்கை, உப்புநீருக்கும் நன்னீருக்கும் இடையிலான ஒரு நெடும் பயணம். முட்டையிடுவது முகத்துவாரத்தை அண்டிய உப்புநீரில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஏறி வரும் நீரோட்டத்தோடு முட்டைகளும் பொரித்த குஞ்சுகளும் உள்ளே வருகின்றன. கண்டல் வேர்களுக்கிடையிலும் சதுப்புகளிலும் அவை வளர்கின்றன. பிறகு ஆற்றின் மேற்பகுதி வரை போய், முதிர்ந்த பின் மீண்டும் முகத்துவாரத்தை நோக்கி இறங்குகின்றன. நம்முடைய மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று நகருக்கு அண்மையில் பாலமீன்மடுவில், மற்றையது தெற்கே கல்லாற்றில். வரட்சியில் மணல் மேடிட்டு வாய் அடைபடும், மாரியில் திறக்கும். கதவு திறந்திருக்க வேண்டும், அதன் வாசலில் வலை நிற்கக் கூடாது, உள்ளே கண்டல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கொடுவாவுக்குப் பிள்ளை வளர்க்க வீடில்லை.

இன்னொன்றையும் படித்தேன். ரொஹான் பெத்தியாகொட, அந்தனி கில் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கையின் மேற்குப் பகுதியிலிருந்து கிடைத்த கொடுவாக்களை நுணுக்கமாக அளந்து பார்த்து, அவை வேறோர் இனம் என 2012ஆம் ஆண்டு அறிவித்தார்கள். உடல் சற்று மெலிந்தது. முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து பக்கக் கோடு வரை ஆறு வரிசைச் செதில்களுக்குப் பதிலாக ஐந்து வரிசை. அதற்கு நம் நாட்டின் பெயரையே வைத்து 'லக்திவ' என்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரால் அழைத்து வந்ததற்குள் இரண்டு இனங்கள் இருந்திருக்கின்றன. ஒரு வரிசைச் செதிலை எண்ணிப் பார்க்க யாருக்காவது பொறுமை இருந்தால்தான் அது தெரிய வருகிறது.

அதைப் படித்தபோது என் படிவத்தை நினைத்தேன். மூன்று கூடுகளுக்குள் ஒரு பெண்ணின் பதினைந்து வருடக் காத்திருப்பை அடைக்கப் பார்த்தேனே! எந்தச் செதிலை நான் எண்ணினேன்?

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் வேலையாக எழுந்து நின்று, "போன வருசம் நான் சொன்னது பிழை. அக்கா சொன்னதுதான் சரி" என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. படித்தவர்கள் என்று நம்மை மதிக்கும் பெண்களின் முன்னால் நமக்குத் தெரியாது என்று சொல்ல நமக்கு யாரும் பயிற்சி தருவதில்லை. ஆனால் சொன்ன பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

"உங்களுக்கு எப்படியக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"எத்தனை மீன் வெட்டியிருப்பன் மிஸ்! சின்னத்த வெட்டினா வெள்ளையாப் பால் மாதிரி இரிக்கும். பெரிசுல எப்பவும் முட்டைதான். என்ட மாமனார் காலத்தில இருந்தே ஆக்களுக்குத் தெரியும். எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

மீனைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பவள் பெண். ஒவ்வொரு நாளும் அடுப்படியிலும் சந்தையிலும் அவள் கத்திக்குக் கீழே அந்த இரகசியம் திறந்துகொண்டே இருந்திருக்கிறது. நம்முடைய சுவரொட்டிகள் அவளிடம் கேட்காமலே அச்சடிக்கப்பட்டுவிட்டன.

அந்தக் கூட்டத்தில் மூன்று முடிவுகளுக்கு வந்தார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்துக்குக் குறைந்த கொடுவாவை விட்டுவிடுவது. வெள்ளைக் கோட்டுக் குஞ்சுகளை வலையிலிருந்து கழித்துக் கருவாட்டுக்குப் போடாமல் உயிரோடு நீரில் விடுவது. மாரியில் வாய் திறந்திருக்கும் காலத்தில், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் முகத்துவாரத்தின் குறுக்கே வலை கட்டாதிருக்கும்படி மீனவர் சங்கத்தைக் கேட்பது. முதல் இரண்டையும் பெண்கள் கடைப்பிடிக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றிச் சங்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பெரிய தாய் மீனைப் பற்றி மட்டும் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குப் பிறகு விளங்கியது.

அந்த வருட மாரியில் ஒரு காலை, வழக்கமான வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். அக்காவின் வாசலில் றெஜிபோம் பெட்டிக்குள் அடங்காமல் ஒரு கொடுவா கிடந்தது. வால் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது கிலோ. வயிறு பருத்து முட்டையோடு இருந்தது. அக்கா அருகில் குந்தியிருந்தார். வியாபாரியின் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருந்தார்.

"நாளைக்குக் குழுக்கடன் கட்டுற நாள்" என்றார். "ரெண்டு கிழமை கட்டல்ல. நான் கட்டாட்டி மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்டோணும். மகளுக்கு உயர்தர வகுப்புக் காசும் இரிக்கி."

நான் பேசாமல் நின்றேன்.

"விட்டிரிக்கலாம் எண்டு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அண்ணா மீனை விடுவதற்குக் குனிந்தது நினைவுக்கு வந்தது. அவர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மீனை விட்ட பிறகும் அவர் வீட்டில் அன்றிரவு சாப்பாடு இருந்திருக்கும். விளையாட்டுக்குப் பிடிப்பவருக்கு மீனை விடுவது ஓர் அழகான செயல். கடனுக்குப் பிடிப்பவளுக்கு அது பிள்ளையின் பாடசாலைக் காசைத் தண்ணீரில் விடுவது. இருவரையும் ஒரே தராசில் வைத்து ஒருவரைப் பொறுப்புள்ளவர் என்றும் மற்றவரைப் பொறுப்பில்லாதவர் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய கொடுவா தாய் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவரே அவர்தான். தெரிந்துகொண்டுதான் விற்றார். தெரியாமல் விற்பதைவிட அது எவ்வளவு வலி என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கடன் நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அன்று விளங்கிக்கொண்டேன். மாதர் சங்கப் பெண்கள் இப்போது தங்களுக்குள் ஒரு சிறு சேமிப்பு வைத்திருக்கிறார்கள். மாரி மாதங்களில் தவணை கட்ட முடியாதவருக்கு வட்டியில்லாமல் அதிலிருந்து கொடுக்கிறார்கள். பெரிய தொகையல்ல. எல்லோருக்கும் போதுவதுமில்லை. ஆனால் சென்ற மாரியில் ஒரு நாள் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவ்வளவு விடியலில் அவர் அழைப்பதில்லை, பயந்துபோய் எடுத்தேன்.

"தங்கச்சி, நேத்து இரவு ஒண்டு பட்டிச்சு. என்ட நெஞ்சளவு இரிக்கும். விட்டுட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். 'மிஸ்' என்று அவர் என்னை அழைக்காதது தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் மீனியல் படித்தவளல்ல. இனங்காணுதல் என்றால் பெயரைச் சொல்லிவிடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெயர் வாசற்படி மட்டும்தான். உள்ளே போனால்தான் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அது மீனுடையதானாலும் சரி, பெண்ணுடையதானாலும் சரி. 2022இல் நான் நிரப்பிய படிவத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பதிவுகளைப் புதுப்பித்தபோது தொழில் என்ற இடத்தில் 'வாவி மீன்பிடி, 16 வருட அனுபவம்' என்று எழுதினேன். கணவரைப் பற்றிய கூடுகளில் எதிலும் புள்ளடி போடவில்லை. ஓரத்தில் 'காத்திருக்கிறார்' என்று எழுதினேன். படிவம் திரும்பி வந்தது. அதையே மீண்டும் எழுதி அனுப்பினேன்.

வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். சந்தையில் முழங்கை நீளம்கூட இல்லாத கொடுவாக் குஞ்சுகளைக் கூறு போட்டு வைத்திருந்தால் வாங்காதீர்கள். நாம் வாங்காவிட்டால் பிடிப்பதும் குறையும். விற்கும் பெண்ணிடம் விலையோடு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள், இந்த மீனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று. அவளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.